ஓவனின் கட்டில்

போன சீசனின் நடுவில், அந்தக் கனடாச் சிற்றூரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி ஓவனை வேறொரு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குத் தியோவை வாங்கியது. இருவருக்கும் பதினேழு வயது. வெளியூர்ப் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். ஓவன் காலையில் எழுந்துபோன அறைக்குள் மாலையே தியோவின் பை வந்து இறங்கியது. அந்த வீட்டுப் புஷ்பராணிக்குத் தலையணை உறை மாற்றக்கூட நேரமில்லை.

"இஞ்சேருங்கோ, ஆடு மாடு மாத்திற மாதிரியெல்லோ பிள்ளையள மாத்துறாங்கள்!" என்று கணவர் சிவபாலனிடம் கத்தினாள்.

"மெதுவாக் கதையுமப்பா, பெடியன் சாப்பிடுறான்."

தியோ ஓவனின் நாற்காலியில் இருந்தான். மேசைக்கடியில் அவன் முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது ஓவன் தொலைபேசியில் அழைத்தான். புது வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, என் கட்டிலில் யார் படுக்கப்போகிறார்கள் என்று கேட்டான்.

"ஒருவரும் இல்லை. அப்படியே இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் புஷ்பராணி.

மேசைக்கடியில் முழங்கால் நின்றது.

விடிந்ததும் அறைக் கதவைத் திறந்தாள். தியோ தரையில், தன் மட்டைகளுக்குப் பக்கத்தில், ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தலையணையில் ஓவனின் தலை அழுந்திய பள்ளம் கலையவில்லை. எவ்வளவு கெஞ்சியும், கடைசி ஆட்டம் முடியும்வரை தியோ அந்தக் கட்டிலில் ஏறவில்லை.

ஞாயிறுதோறும் ஓவன் அழைத்து அதையே கேட்டான். ஒவ்வொரு முறையும் அவள் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.