மாப்பிள்ளை இல்லாத ஆல்பம்

"மாப்பிள்ள போட்டோ கேட்டா, ஜனாதிபதி மாளிகை ஜன்னலையும் கதவையும் காட்டறீங்களே சம்பந்தியம்மா. என் பொண்ணு ஜன்னலையா கட்டிக்கப் போறா?"

லோகநாதன் ஆல்பத்தைப் படக்கென்று மூடினார். சேத்துப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த செல்லம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

தில்லியில் போட்டோ எடுக்கும் அவள் மகன் பார்த்திபனுக்கும் லோகநாதன் மகள் ஹேமலதாவுக்கும் தை மாதம் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. ஆனால், லீவு இல்லை லீவு இல்லை என்று மாப்பிள்ளை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பெண் வீட்டில் இருந்தது அவனுடைய பத்தாம் வகுப்புப் படம். அதில் மீசைகூட முளைத்திருக்கவில்லை.

"அவன் போட்டோ எடுக்கற ஆளு சம்பந்தி, அவன யாரு எடுப்பாங்க? மாளிகைய ரிப்பேர் பண்ணாங்கல்ல, ஒவ்வொரு ரூமுக்கும் வெள்ளக்காரன் காலத்து போட்டோ ஒண்ணு, பக்கத்துலயே எம்புள்ள எடுத்தது ஒண்ணு. இந்த மாதிரி வேல யாருக்குக் கெடைக்கும்?"

லோகநாதன் மறுபடியும் புரட்டினார். கறுப்பு வெள்ளையில் மங்கலாக ஒரு சுவர், பக்கத்தில் கலரில் அதே சுவர் பளபளவென்று. சாப்பாட்டு அறை, படிக்கும் அறை, மாடிப்படி. ஒன்றிலும் ஆளைக் காணோம்.

"சுவரெல்லாம் நல்லா கீது, சந்தோஷம். மாப்பிள்ள எப்படி இருப்பாருன்னு கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? எஸ்.டி.டி. பூத்துல எத்தினி தடவ நின்னுகினு கூப்பிட்டேன், லைன்ல வந்தாரா? சரி, அத்த வுடுங்க. முகூர்த்தப் புடவ எங்க?"

"அதுவும் தில்லிலதான் கீது. கலர் பாக்கணும்னான், அனுப்பி வெச்சேன்."

"அவரு இன்னாத்துக்குப் பாக்கணும்? முகூர்த்தப் புடவ மாப்பிள்ள வூட்டுது, அந்த மொறைக்காகத்தான் உங்க கையில குடுத்தேன். வாடாமல்லி முந்தில ஒத்த மயிலு. ஹேமாவுக்குன்னே டிசைன் அட்ட வெட்டி, என் தறியில ஒரே ஒரு புடவ நெஞ்சிட்டு, அட்டையக் கொளுத்திட்டேன். இனிமே நானே நெனச்சாலும் இன்னொண்ணு நெய்ய முடியாது. அது பத்திரமா வந்து சேரணும், சொல்லிட்டேன்."

"வரும் சம்பந்தி, சும்மா பேஜார் பண்ணாதீங்க. எனக்கும் ஆத்தாமைதான். வேல முடிஞ்ச அன்னிக்கு, வேல செஞ்சவங்க குடும்பத்தையெல்லாம் உள்ள வுட்டு சுத்திக் காட்டினாங்களாம். நம்மால போவ முடியலையேன்னு நான் நெனைக்காத நாளில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹேமலதா, ஆல்பத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"அப்பா, இதுல அவரு இருக்காருப்பா."

செல்லம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்தான் சொன்னேனே. எங்க கண்ணு, அப்பாவுக்கு நல்லா காட்டு."

அது ஒரு பெரிய கூடம். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு நிலைக்கண்ணாடி. ஹேமலதா அதன் மேல் விரலை வைத்தாள்.

கண்ணாடிக்குள், கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஒருவன் நின்றிருந்தான், முகம் தெரியவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் மாறாத தாலிக்கயிற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. முன்னால் இழுத்துச் செருகிய அவளுடைய வாடாமல்லி முந்தானையில் அந்த ஒற்றை மயில் தோகை விரித்திருந்தது.