சிவப்புப் புள்ளி வீடு

“இறங்காதேம்மா! அது சிவப்புப் புள்ளி வீடு” என்று டிரைவர் அதட்டியதும், ஆம்புலன்ஸ் கதவில் வைத்த கையை நர்ஸ் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

இந்த ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்கு அவள் மாற்றலாகி வந்து நான்கே நாள். புதுச் சட்டம் வந்து மூன்று மாதம். ஆம்புலன்ஸ் ஆட்களை அடித்தவர் வீட்டுக்கு, வண்டியில் வழிகாட்டும் மேப் திரையில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார்கள். போலீஸ் வராமல் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். போன வருஷம் ஒரு குடிகாரன் முறுக்கிய சுண்டுவிரல் அவளுக்கு இன்னும் மடங்குவதில்லை.

“பொம்பளைக் குரல் அண்ணே. தலையில அடி, ரத்தம் நிக்கலைன்னு சொல்லிச்சாம். பாதியில கட் ஆயிடுச்சாம்.”

“அதுக்கு? என் மண்டையைப் பாரு.” தொப்பியைத் தூக்கி நெற்றித் தழும்பைக் காட்டினார். “இந்த வீட்டுல வாங்கினதுதான். நானே எழுதிக் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொன்னேன். உள்ளே இருக்கிறவன் லேசுப்பட்ட ஆள் இல்லை.”

நடுப்பகல். தெருவில் ஈ காக்கை இல்லை. வீட்டின் பக்கவாட்டில் கம்பி போட்ட சின்ன ஜன்னல். அதன் மங்கலான கண்ணாடியில் ஓர் உள்ளங்கை வந்து ஒட்டியது. டக், டக், டக். பிறகு அது மெல்ல வழுக்கிக் கீழே போயிற்று. கண்ணாடியில் கறை மட்டும் நின்றது.

நர்ஸ் ஜன்னலைச் சுட்டிக் காட்டினாள். “அண்ணே, கை! கையைப் பார்த்தீங்களா?”

“அது குளியலறை. குழாய் அப்படித்தான் தட்டும்.” அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் போறேன். ஆனது ஆகட்டும்.”

“தாராளமா போ. நீ சட்டத்தை மீறினதா நான் ஒரு வரி எழுதினா வேலை போச்சு. உன்னை நம்பி வீட்டுல எத்தனை வாய்?”

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மூன்று வாய். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுபடியும் டக். ஒரே ஒரு டக். அப்புறம் அதுவும் இல்லை.

இருபத்திரண்டாவது நிமிஷம் போலீஸ் ஜீப் வந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டை உடைத்ததும் நர்ஸ் முதல் ஆளாக உள்ளே பாய்ந்தாள். குளியலறைத் தரையில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். நல்லவேளை, நாடி இருந்தது. டிரைவர் ஸ்ட்ரெச்சர் பிடிக்கக்கூட வரவில்லை. போலீஸ்காரர்தான் ஒரு பக்கம் பிடித்தார்.

வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

“பயப்படாதீங்கக்கா, நாங்க வந்துட்டோம். உங்களை அடிச்ச ஆளு எங்கே?”

“என் வீட்டுக்காரர்தான்... காலையில அடிச்சுப் போட்டு, பூட்டிட்டு டியூட்டிக்குப் போயிட்டாரு...” என்று முனகியவள், தெருவில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேற வண்டி கூப்பிடும்மா. இதை ஓட்டுறது அவருதான்.”