வெட்டுப்படும் வேஷம்

வெள்ளித்தாள் சுற்றிய வாள் கழுத்தில் விழுந்ததும், பூதத்தின் தோலுக்குள் இருந்த ஆல்வின் வழக்கம்போல் செத்து விழுந்தான். யார்க்‌ஷயரின் அந்தச் சிற்றூரில் கிறிஸ்துமஸ் என்றால் இந்த நாடகம்தான். அதில் வரும் பாட்டில் பாதி வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் அரங்கமே சேர்ந்து கத்தும்.

வீரனாக நடித்த ரூபர்ட், பூதத்தின் அட்டைத் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடினான். வீரனின் தகப்பனாக நடித்த கிழவர் கிளெமென்ட் அவனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"என் ராசா! சாதிச்சிட்டியேடா!" என்று தேம்பி அழுதார்.

ஆல்வின் கழுத்து ஓட்டை வழியே பார்த்தபடி கிடந்தான். பதினாறு வருஷமாக அவனும் வீரன் வேஷம் கேட்கிறான். "வாள் பிடிக்க ஒரு முகம் வேணும்டா. நீ தோலுக்குள்ளயே இரு" என்பார், வேஷம் பிரித்துக் கொடுக்கும் கிளெமென்ட்.

திரை விழுந்தது. ரூபர்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஐயா, அந்த அழுகை மட்டும் எப்படி நிஜமாவே வருது?"

"உன்னை மாதிரி எனக்கொரு மகன் பொறந்திருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்குவேன் தம்பி. தானா வந்துடும்."

ஆல்வின் பூதத்தின் தோலை மடித்துப் பெட்டியில் வைத்தான். கிழவரின் மேல்கோட்டை எடுத்துவந்து விரித்துப் பிடித்தான்.

"பஸ் வந்துடும். வீட்டுக்குப் போலாம், வாங்க அப்பா."