ஸ்டெல்லா மகன் படம்

எங்க குடியிருப்பு ப்ளாக் சுவத்துல ஸ்டெல்லா மகன் முகம் இருந்துச்சு. சாக்கடைக்குள்ள எறங்கி செத்த புள்ள. இனி யாரையும் எறக்காதீங்கன்னு சொல்ற படம். ஆனா ஜனங்க கண்ணு எது மேல போகுதோ, அதத்தான் இப்பல்லாம் சுவரு தானா வரைஞ்சுக்குது. பாக்காத படம் அழிஞ்சிடும்.

"எக்கா, போறப்ப வர்றப்ப எம்புள்ளைய ஒரு தடவ பாருக்கா"ன்னு ஸ்டெல்லா பச்ச நைட்டியும் தோள்ல துண்டுமா, படத்தப் பாத்தபடியே வெயில்ல நின்னு கெஞ்சுவா.

"பாத்தேன்டி"ன்னுவேன். எங்க பாத்தேன்? அவளத்தான் பாத்துக்கிட்டே போவேன். எல்லாருமே அப்படித்தான்.

இன்னிக்குக் காலையில பையன் முகத்தக் காணோம். அந்த எடத்துல, நமக்கு முதுகக் காட்டி ஒரு பொம்பள நிக்குறா. அதே பச்ச நைட்டி, தோள்ல அதே துண்டு.

ஸ்டெல்லா என் கையப் புடிச்சா. "யாருக்கா இவ? எம்புள்ளைய மறைச்சுக்கிட்டு நிக்குறா. நகரச் சொல்லுக்கா."