உறை கோக்காத வயர்

ரிமோட் காரின் பேட்டரிக்குப் புதுக் கனெக்டரைப் பற்றவைத்து முடித்த பிறகுதான், சிவப்பு வயரில் உறை கோக்க மறந்தது தெரிந்தது. சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் சின்ன ரப்பர் குழாய் அது. வயரின் இரு முனைகளையும் ஈயம் வைத்து ஒட்டிவிட்டால் பிறகு நுழைக்க வழியில்லை. "உறையைக் கோத்தியா?" என்று தலைக்கு மேல் நின்று கேட்கும் கணவர் இப்போது என்னோடு இல்லை. அவர் பிரிந்து போனதும் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். வயரை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால், உறை அதன் இடத்தில் கச்சிதமாகச் சுருங்கியிருந்தது. பிளேடால் கீறி எடுத்தேன். காலையில் ஈயத்தில் சிக்கிய என் தலைமுடி அப்படியே இருந்தது; யாரும் ஈயத்தை மறுபடி உருக்கவில்லை.

என்னோடு தங்கியிருந்த தங்கையைக் கூப்பிட்டு வயரையும் கீறிய உறையையும் காட்டினேன்.

"அவருக்குச் சாவி குடுத்தியா?"

"மாமாவுக்கா? அந்த ஆளுக்கு நான் வழிகூட சொல்ல மாட்டேன்."

"இருக்கறதே ரெண்டு சாவி. ஒண்ணு உன்கிட்ட."

"வயருக்கு எவனோ சட்டை மாட்டிவிட்டா அதுக்கும் நான்தானா அக்கா?"

நான் சிரிக்கவில்லை. கையை நீட்டினேன். அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பையோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு சாவிகளும் நாள் முழுக்க என் கைப்பையில் இருந்தன. மாலையில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். அந்தச் சிவப்பு வயரில் ஒரு மோதிரம் தொங்கியது. அவர் விரலில் போட்டுக்கொண்டு போன மோதிரம். வயரின் இரு முனைகளிலும் ஈயம் இறுகியிருந்தது. தலைமுடியும் அதனுள்ளேயே இருந்தது.

மோதிரத்தை வெளியே எடுக்க வேண்டுமானால், நான்தான் வயரைப் பிரிக்க வேண்டும்.