பன்னிரண்டாவது கழுத்து

ஜாதகத்தை யாரும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா ராஜகனியம்மாள், பையிலிருந்து தைராய்டு அளக்கும் பட்டையை எடுத்துச் செல்வபுஷ்பத்தின் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"தண்ணியை மூணு மடக்கு முழுங்கும்மா. அயோடின் பத்தாம பேரன் மந்தமாப் பொறந்துட்டா, அப்புறம் உங்க வீட்டுலயா கொண்டுவந்து விடமுடியும்?"

செல்வபுஷ்பம் விழுங்கினாள். மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டை காட்டிய அளவு போனில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இடமும் தட்டிப்போனால் வேறு இடம் இல்லையென்று அப்பா ஜெயபாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டை பிசுபிசுத்தது. யாருடைய வியர்வையோ, யாருடைய பவுடரோ சேர்ந்து நாறியது.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் கட்டினீங்க, அத்தை?"

"பதினோரு கழுத்து. அத்தனையும் சொத்தைக் கத்திரிக்கா."

பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. ராஜகனியம்மாளின் முகம் மலர்ந்தது.

"சரக்கு சுத்தம். இலையைப் போடுங்க சம்பந்தி, கை நனைச்சிருவோம்."

பெண் பிடித்தால்தான் அவர்கள் சாப்பிடுவது வழக்கம். ஜெயபாண்டிக்குப் போன உயிர் திரும்பியது. ஓடிப்போய் இலை போட்டார்.

செல்வபுஷ்பம் பட்டையைக் கழற்றி, ராஜகனியம்மாளின் இலை நடுவில் வைத்தாள்.

"நான் கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரேன்ப்பா. அதுக்குள்ள இவங்களை அனுப்பிருங்க."