ஸ்லாவ்கோ அடித்த இரண்டு கோல்

"அண்ணை, ஸ்லாவ்கோவைக் கிளப்புக்கு எடுக்கிறதுக்கு ரொறன்ரோவில இருந்து ஆள் வந்து நிக்குது" என்றான் கோல்காப்பாளன் கிறிஸ்தோப்பர், கையுறையை இழுத்து மாட்டியபடி.

அணித் தலைவர் வலன்ரைன் திரும்பிப் பார்த்தார். மொன்றியலின் லாசால் மைதானத்து வேலியோரம் சாம்பல் நிற மேலங்கியோடு ஒருவர் நின்றார்.

"முப்பத்தஞ்சு வயசுக்காரனையோ?"

"வந்தவன் ஸ்லாவ்கோவின்ர பழைய சிநேகிதன்தானே அண்ணை, கைவிடமாட்டான்."

"சரி, நீ உன்ர கோலைப் பார். இந்த வருசம் மூண்டே மூண்டுதான் விட்டிருக்கிறாய். அதைக் கெடுத்துப்போடாதை."

ஸ்லாவ்கோ எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரன். டோர்வல் விமான நிலையத்தில் கிறிஸ்தோப்பரோடு சேர்ந்து பயணிகளின் பெட்டி ஏற்றுகிறவன். குரோஷியாவில் மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று பதினான்கு வருடம் சின்னச் சின்ன கிளப்புகளில் ஓடித் தேய்ந்தவன். எந்தப் பெரிய கிளப்பும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை ஒருவர் பார்க்க வருவதாக இருந்ததாம். அன்று கொட்டிய மழையில் ஆட்டமே நடக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கேட்கிறவனுக்குத்தான் சிரிப்பு வராது.

2004இல் மொன்றியலுக்கு வந்தான். மூன்று வருடமாக இந்த ஞாயிற்றுக்கிழமை லீக். வலது முழங்கால் வீங்கியே கிடந்தது. இந்தப் பருவத்தில் ஒரு கோல்கூட இல்லை. இதுதான் கடைசி ஆட்டம். அடுத்த வருடம் வேண்டாமென்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் அவன் கிறிஸ்தோப்பரின் தோளைப் பிடித்து நிறுத்தினான். தன்னோடு ஆடியவன் ஒருவன் இப்போது ரொறன்ரோவில் ஒரு கிளப்புக்கு ஆள் தெரிவு செய்கிறான், ஞாயிறு வருகிறான் என்று பிரெஞ்சில் சொன்னான். உன் முழு ஆட்டத்தையும் ஆடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான். ரோசக்காரன், இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பதை விரும்பமாட்டான் என்று கிறிஸ்தோப்பர் நினைத்துக்கொண்டான். இரண்டு இரவு அவனுக்குத் தூக்கம் இல்லை.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. பிறகு ஸ்லாவ்கோ நொண்டியபடி பந்தோடு உள்ளே வந்து உதைத்தான். பலமில்லாத உதை. கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கலாம். கிறிஸ்தோப்பர் ஒரு கணம் பிந்தி விழுந்தான். பந்து அவன் கைக்குக் கீழால் உருண்டு உள்ளே போனது.

எதிரணிக்காரர் ஸ்லாவ்கோவின் மேல் பாய்ந்து விழுந்தார்கள். அவனோ அசையாமல் நின்று கிறிஸ்தோப்பரையே பார்த்தான். நம்ப முடியவில்லை போலும்.

ஒன்று போதாது என்று கிறிஸ்தோப்பருக்குத் தோன்றியது. பத்து நிமிடத்தில் ஸ்லாவ்கோ தலையால் தட்டிய இன்னொரு பந்தையும் விட்டான்.

"என்னடா செய்யிறாய்? கண் தெரியேல்லையோ?" என்று வலன்ரைன் ஓடி வந்தார்.

"வழுக்கிப்போட்டுது அண்ணை."

ஸ்லாவ்கோ புல்லில் குந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பதினான்கு வருடத்து அழுகை, அழட்டும் என்று விட்டான் கிறிஸ்தோப்பர்.

ஆட்டம் முடிவதற்குள் சாம்பல் மேலங்கிக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசில் ஊதியதும் கிறிஸ்தோப்பர் ஸ்லாவ்கோவிடம் ஓடினான்.

"ஏன் போய்விட்டார்? உன்னை எடுக்கிறார்தானே?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

ஸ்லாவ்கோ சிவந்த கண்களோடு நிமிர்ந்தான்.

"என்னையா? முன்கூட்டியே சொன்னால் உனக்குக் கை நடுங்கும் என்றுதான் மறைத்தேன். இரண்டு வருடமாக அவன் காலைப் பிடித்து, உன்னைப் பார்க்கத்தான் கூட்டிவந்தேன்."